பச்சை மூடியும் பன்னிரண்டாம் பாட்டிலும்

மருந்துக்கடைக்கும் செருப்புத் தைக்கிற கடைக்கும் நடுவில் இருக்கும் அந்த மதுக்கடைக்கு விஸ்கி வாங்க வருகிறவர்கள் முதலாளியைக் கண்டுகொள்வதே இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வரும்போதே, "லைட்டக்கா இருக்காங்களா?" என்பார்கள். முதலாளி கல்லாவில் உட்கார்ந்தபடி கட்டைவிரலால் பின்பக்கம் காட்டுவார். தன் கடையில் தனக்கே மதிப்பில்லை என்கிற வருத்தம் அவருக்கு உண்டு. ஆனால் வியாபாரம் அந்த அம்மாளால்தான் நடக்கிறது என்பதும் தெரியும் என்பதால் வருத்தத்தை மென்று முழுங்கிவிடுவார்.

லைட்டக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. குள்ளமான உருவம். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துவிட்டு அதையே தேடுகிற ரகம். பாட்டிலைப் பார்க்கும் விஷயத்தில் மட்டும் அவளை யாரும் ஏமாற்ற முடியாது.

ஒரு பஸ் டிரைவர், கோட்டைப் படம் போட்ட தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார் என்று வையுங்கள்.

"எதுக்கு வாங்கறீங்க?" என்பாள்.

"குடிக்கத்தான்க்கா."

"இதுல பாதிக் காசு டப்பாவுக்கு. டப்பாவையா குடிக்கப்போறீங்க? கீழ் வரிசையைப் பாருங்க. குனியணும், அவ்வளவுதான். குனியறதுக்குச் சோம்பல் படறவங்க தலையிலதான் எல்லாரும் மிளகாய் அரைக்கறாங்க."

அவளிடம் மூன்று தீர்ப்புகள் உண்டு. 'குடிக்கலாம்' என்றால் நல்ல சரக்கு, நியாயமான விலை. 'பெட்டிக்குக் காசு' என்றால் தொடாதே. மூன்றாவது, 'நல்லாருக்கு, ஆனா அந்த விலைக்கு இல்ல.' பெரிய பெரிய பாட்டில்களெல்லாம் இந்த மூன்றாவதில்தான் போய் விழும். நான்காவதாக ஒன்று உண்டு, அது தீர்ப்பு இல்லை, கோபம். யாராவது, "இது வாங்கி வெச்சா பின்னாடி விலை ஏறுமா?" என்று கேட்டுவிட்டால் போதும், முகம் சுருங்கிவிடும். "ஏறும். நீங்க செத்த பிறகு உங்க மருமகன் குடிப்பான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். வந்த ஆளுக்கு மருமகன் இருக்கிறானா இல்லையா என்பது பற்றி அவளுக்குக் கவலை கிடையாது.

அவளும் அவள் வீட்டுக்காரரும் குடிப்பது பச்சை மூடி. அதற்கு ஒரு நீளமான பெயர் லேபிளில் இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, ஒரே மாதிரி இரண்டு டம்ளர், ஆளுக்கு ஒரு அளவு, அதே அளவு தண்ணீர். அவள் வீட்டுக்காரர் பெயின்டர். சுவரைப் பார்ப்பது போலவே விஸ்கியையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். முதல் வாய் உள்ளே போனதும், "குடிக்கலாம்" என்று மனைவியின் குரலில் சொல்லிக் காட்டுவார். இருபத்தைந்து வருஷமாக இதே கேலி. அவளும் இருபத்தைந்து வருஷமாகச் சிரிக்கிறாள்.

லைட்டக்கா என்ற பெயர் வந்தது பாட்டில் நிரப்பும் ஆலையில். பத்தொன்பது வருஷம் அங்கே வேலை. நிரப்பி மூடி போட்ட பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் பட்டையில் ஊர்ந்து வரும். ஓர் இடத்தில் பின்னால் பால் நிறத்தில் ஒரு வெளிச்சப் பலகை. அதன் எதிரே ஸ்டூலில் அவள். பாட்டிலுக்குள் தூசியா, கண்ணாடிச் சில்லா, அளவு குறைவா, மூடி கோணலா என்று பார்த்து எடுத்துப் போடுவது வேலை. எட்டு மணி நேரம் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால், கண்ணை மூடினாலும் பாட்டில்கள் ஊர்ந்துகொண்டே இருக்கும். அந்த ஆலையில் ஒரு நாளைக்குப் பல ஆயிரம் பச்சை மூடிகள் அவள் கண்முன் போகும். அதனால்தான் அவளுக்கு அதன்மேல் நம்பிக்கை. தொட்டியில் என்ன ஊற்றினார்கள், எத்தனை நாள் பீப்பாயில் இருந்தது, எல்லாம் தெரிந்த சரக்கு.

எட்டு வருஷத்துக்கு முன் ஆலையில் ஒரு விசேஷ பாட்டில் போட்டார்கள். ஒரே ஒரு பழைய பீப்பாய், அதிலிருந்து இருநூறு பாட்டில், ஒன்று முதல் இருநூறு வரை எண். கறுப்பு மாதிரி அடர்த்தியான கண்ணாடி, மரப் பெட்டி. ஆலையில் அதற்குப் பெயரே 'இருநூறு' என்றாகிவிட்டது. லேபிளில் எண்ணைக் கையால் எழுத வேண்டும் என்றார் மேனேஜர். கையெழுத்து நன்றாக இருக்கிற ஆள் யார்? லைட்டக்கா. இரண்டு நாள் உட்கார்ந்து, கறுப்பு மையில், ஒவ்வொரு எண்ணாக எழுதினாள். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

நிரப்புகிற அன்று நாற்பது பாட்டில் போனதும் பட்டை நின்றது. சூப்பர்வைசர் குழாயை ஏதோ செய்தார். அரை மணி கழித்து மறுபடி ஓடியது. நாற்பத்தொன்றாவது பாட்டில் வெளிச்சப் பலகை முன்னால் வந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடி கறுப்பாக இருந்தாலும் பலகையின் வெளிச்சம் ஊடுருவும். முதல் நாற்பதும் காய்ந்த புல்லின் நிறம். இது சிவப்பு. இந்தச் சிவப்பு அவளுக்கு நன்றாகத் தெரிந்த சிவப்பு. பச்சை மூடித் தொட்டியில் நிறத்துக்காகக் கலக்கிற கருகிய சர்க்கரைப் பாகின் சிவப்பு.

பீப்பாய் எங்கேயோ கசிந்திருக்கிறது. உள்ளே இருந்தது நாற்பது பாட்டிலுக்குத்தான். லேபிள் இருநூறு தயார், பெட்டி இருநூறு தயார், பீப்பாயைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு சூப்பர்வைசருடையது. மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் குழாயை அடுத்த தொட்டிக்கு மாற்றிவிட்டார். லைட்டக்கா பட்டையை நிறுத்தும் பொத்தானை அமுக்கினாள். அது அவள் வேலை.

"நிறம் மாறுது சார்."

"கண்ணு கெட்டுப்போச்சா உங்களுக்கு? ஓட விடுங்க."

"சார், இது பச்சை மூடி."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். தானே பொத்தானை அமுக்கிப் பட்டையை ஓட விட்டார்.

மூன்றாம் நாள், பெட்டிகளில் அடுக்கும்போது பன்னிரண்டாம் எண் பெட்டி காலியாக இருந்தது. 'லைட்டக்கா அந்தப் பக்கம் நின்றதைப் பார்த்தேன்' என்றார் சூப்பர்வைசர். ஷிப்டு முடிந்து வெளியேறுகிற நேரம், அறுபது பேர் வரிசையில் நிற்க, வாசலில் காவலுக்கு இருந்த அம்மாவிடம், "அவங்க பையைக் கொட்டிப் பாருங்க" என்றார். கேட்டம்மா என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்தப் பெண் ஒரு நொடி தயங்கினாள். பிறகு கொட்டினாள். மேஜைமேல் விழுந்தவை: சாப்பாட்டு டப்பா, குடை, தலைவலி மாத்திரை, ஒரு சீப்பு, தைக்கக் கொடுப்பதற்காக எடுத்துவந்த கிழிந்த உள்பாடி ஒன்று. வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரித்தது யார் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துப் பைக்குள் வைத்தாள். அவசரத்தில் ஜிப்பு அந்த உள்பாடியின் நூலில் சிக்கிக்கொண்டது. அறுபது பேர் பார்க்க அதை இழுத்துக்கொண்டு நின்றாள். அந்த ஜிப்பை அவள் எட்டு வருஷமாக மறக்கவில்லை.

பாட்டில் கிடைக்கவில்லை. "முன்னாடியே வெளியே போயிருக்கும்" என்றார் சூப்பர்வைசர். நிறம் மாறிய கதையை அவள் மேனேஜரிடம் சொன்னாள். மாட்டிக்கொண்டபின் பழியைத் திருப்பிப் போடுகிறாள் என்று மேனேஜர் நினைத்தார். ஆலையின் பெயர் கெடக்கூடாதென்று பதிவேட்டில் 'பன்னிரண்டு உடைந்தது' என்று எழுதி, அவளை வேலையைவிட்டு அனுப்பினார்கள். போலீஸுக்குப் போகவில்லை. அதைச் சூப்பர்வைசர் தன் பெருந்தன்மை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்.

இரண்டு வருஷம் அடுக்குமாடிகளில் படிக்கட்டுக் கழுவினாள். பிறகுதான் இந்தக் கடை. முதலாளி அவளைவிட இருபது வயது சின்னவர். தம்பி என்றுதான் கூப்பிடுவாள். ஆலையில் நடந்ததை அவரிடம் அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்தான். ஆனால் 'என்னைத் திருடி என்று துரத்தினார்கள்' என்று சொல்லிக்கொண்டு யார் வேலை கேட்பார்கள்?

"விட்டுத் தள்ளும்மா" என்பார் பெயின்டர்.

"விடறேன். அந்த ஆளு முதல்ல பையைத் தொறக்கட்டும்" என்பாள்.

அந்தச் சூப்பர்வைசர் இதற்குள் ஆலையைவிட்டு வந்து பெரிய ஆளாகியிருந்தார். விஸ்கியில் பணம் போடச் சொல்லித் தருகிற நிபுணராம். வீட்டில் பூட்டுப் போட்ட கண்ணாடி அலமாரி, அதில் வரிசையாகப் பாட்டில்கள், கூட்டம் போட்டுப் பேச்சு. "தங்கம் தூங்கும், இது வளரும்" என்று வசனம் வேறு. அலமாரிக்காரர் என்றே ஊரில் பெயர். 'இருநூறு' பாட்டில்களைத் தேடித்தேடி வாங்கி, வசதியுள்ளவர்களுக்கு ஒன்றுக்குப் பத்தாக விற்றார். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்த மனிதர் ஒரு சொட்டுக் குடிக்கமாட்டார். வயிற்றுக்கு ஆகாது என்பார். ஆலையிலும் அப்படித்தான். ருசி பார்க்கிற வேலை வந்தால் வேறு ஆளைத் தள்ளிவிடுவார். "வாயில போட்டா எல்லாம் ஒரே எரிச்சல்தான், லேபிள்தான் வித்தியாசம்" என்பது அவர் சொல்லும் ஞானம்.

அந்த ஞானி ஒரு நாள் கடைக்கே வந்தார், தன் கூட்டத்துக்கான விளம்பரத் தாளை ஒட்ட. லைட்டக்கா கீழ் வரிசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் அவர் நடுங்கிப் போயிருந்தால்கூட அவள் ஒருவேளை சும்மா இருந்திருப்பாள். அவரோ முதலாளியின் காதருகே குனிந்து, ஆனால் அவளுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார்.

"இந்தம்மாவை எங்கேயிருந்து புடிச்சீங்க? ஆலையில ஒரு பாட்டிலை அமுக்கினவங்க. நான்தான் பாவம்னு விட்டேன். பார்த்து இருங்க."

அன்று சாயங்காலம் முதலாளி கல்லாவைவிட்டு எழுந்து வாசலில் நின்றார். முகத்தில் அசடு வழிந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. பையை ஒரு தடவை, சும்மா ஒரு பார்வை."

அவள் பையைத் திறந்து காட்டினாள். மறுநாளும் காட்டினாள். ஆறு வருஷமாகச் சாவியை நம்பிக் கொடுத்த மனிதர், தினமும் சாயங்காலம் 'சும்மா ஒரு பார்வை' பார்க்கத் தொடங்கினார். வீட்டுக்குப் போய் அவள் அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, "இனி நான் சும்மா இருக்க மாட்டேங்க" என்றாள். பெயின்டர் இந்த முறை விட்டுத் தள்ளச் சொல்லவில்லை.

அவள் பெரிய சூழ்ச்சியெல்லாம் செய்யவில்லை. உண்மையைச் சொன்னாள், அவ்வளவுதான். சொல்வதற்குச் சரியான ஆளைத் தேர்ந்தெடுத்தாள். பக்கத்துத் தெருப் பல் டாக்டர் கடையின் வாடிக்கையாளர். அந்த அலமாரிக்காரரிடம் 'இருநூறு' ஒன்று வாங்கி வீட்டில் பூட்டி வைத்திருப்பவர்.

"டாக்டர், உங்களது என்ன நம்பர்?"

"நூத்தி அறுபத்தி மூணு."

"அப்படின்னா இன்னைக்கே குடிச்சிடுங்க."

"ஏன்?"

"அது பச்சை மூடி. அந்த நம்பரை எழுதினது நான். நிரப்பும்போது எதிர்ல உக்காந்திருந்ததும் நான். நாப்பது வரைக்கும்தான் பீப்பாய். மீதி எல்லாம் இதோ, உங்க முழங்காலுக்குக் கீழ இருக்கு பாருங்க, அந்தச் சரக்கு."

டாக்டர் குனிந்து பச்சை மூடியைப் பார்த்தார். அதன் விலையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

இரண்டே வாரத்தில் 'இருநூறு' வாங்கியவர்களில் ஒன்பது பேர் அலமாரிக்காரர் வீட்டு வாசலில் நின்றார்கள். "திருடியோட பேச்சை நம்பறீங்களா?" என்று அவர் சத்தம் போட்டார். "சரி, நம்பலை. நாப்பதுக்குள்ள ஒண்ணு, நாப்பதுக்கு மேல ஒண்ணு, ரெண்டையும் திறந்து பார்ப்போம்" என்றார் பல் டாக்டர். தன் பாட்டிலைத் திறக்க அவர் தயார். அதுதான் ஏற்கெனவே சந்தேகத்தில் இருக்கிறதே! ஆனால் நாற்பதுக்குள் இருப்பதை யார் திறப்பார்கள்? நாலைந்து பேரைக் கேட்டார்கள். 'திறந்தால் விலை போய்விடும்' என்று எல்லோரும் கையை விரித்தார்கள். ஓய்வுபெற்ற மேனேஜரிடம் முதலாம் எண் பாட்டில் இருந்தது, ஆலை கொடுத்த பரிசு. அவரும் முடியாது என்றுவிட்டார்.

இதையெல்லாம் டாக்டர் வந்து சொல்லச் சொல்ல, லைட்டக்கா பாட்டில்களைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். அவள் எதிர்பார்த்தது இதுதான். காசு கொடுத்து வாங்கிய எவனும் திறக்கமாட்டான். திறக்க மனசு வரக்கூடிய பாட்டில் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஓசியில் வந்தது. வெளியே காட்ட முடியாமல், விற்க முடியாமல், எட்டு வருஷமாக எங்கேயோ துணிக்கு அடியில் கிடப்பது. எல்லாம் ஒரே எரிச்சல்தான் என்று நம்புகிறவர் அதைத் திறக்கப் பயப்படவும் மாட்டார்.

ஒன்பது பேரும் விடுவதாக இல்லை. கடைசியில் அலமாரிக்காரர் இறங்கி வந்தார். வெளிநாட்டில் இருக்கும் நண்பர் ஒருவர் நாற்பதுக்குள் ஒன்று வைத்திருக்கிறாராம். கொடுக்கச் சம்மதித்துவிட்டாராம். ஆனால் எண் வெளியே தெரியக்கூடாதாம். சீல் உடைக்காமல் கொண்டுவருவேன், எண்ணைமட்டும் மறைத்து ஒட்டியிருப்பேன் என்றார். இடம்? விளம்பரம் கிடைக்குமே என்று கடை முதலாளி தன் கடையைக் கொடுத்தார்.

லைட்டக்கா அன்று மதியமே இரண்டு தெரு தள்ளிப் போய்க் கேட்டம்மாவின் கதவைத் தட்டினாள். கேட்டம்மா வேலையைவிட்டு நின்று நாலு வருஷம். கடைக்கு வந்தால் தலையைக் குனிந்துகொண்டு பச்சை மூடி வாங்கிக்கொண்டு போவாள். லைட்டக்காவும் பாட்டிலைத்தான் பார்ப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். கதவைத் திறந்ததும் கேட்டம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் அன்னைக்கு..."

"அதெல்லாம் வேண்டாம். நீங்க ஒரு பையைக் கொட்டினீங்க. இன்னொரு பையைக் கொட்டணும். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வாங்க."

ஞாயிறு நாலு மணிக்குக் கடையில் நிற்க இடமில்லை. ஒன்பது பேர், மேனேஜர், பெயின்டர், கேட்டம்மா, வேடிக்கை பார்க்க மருந்துக்கடைக்காரர். அலமாரிக்காரர் தோல் பையிலிருந்து பாட்டிலை எடுத்து வைத்தார். கறுப்புக் கண்ணாடி, சீல் அப்படியே இருந்தது. எண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சுற்று பழுப்பு டேப். டாக்டரின் நூற்று அறுபத்து மூன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"யாரு ஊத்தறது?" என்றார் மேனேஜர்.

"லைட்டக்கா ஊத்தட்டும்" என்றார் டாக்டர். அலமாரிக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

அவள் இரண்டு பாட்டிலையும் திறந்தாள். பிறகு யாரும் கேட்காமலேயே கீழ் வரிசைக்குக் குனிந்து ஒரு பச்சை மூடியையும் எடுத்தாள். ஒவ்வொருவருக்கும் மூன்று கண்ணாடிக் குவளை. ஊற்றி முடித்து, கடை வாசலின் வெயில் விழுகிற பக்கம் எல்லாவற்றையும் நகர்த்தி வைத்தாள். கறுப்புக் கண்ணாடிக்குள் ஒளிந்திருந்தது வெளியே வந்துவிட்டது. ஒன்று காய்ந்த புல்லின் நிறம். மற்ற இரண்டும் சிவப்பு, ஒரே சிவப்பு.

"பழைய பீப்பாய்ல மேல ஒரு நிறம், அடியில ஒரு நிறம் வரும்" என்றார் அலமாரிக்காரர்.

"முதல்ல குடிங்க" என்றாள் லைட்டக்கா.

குடித்தார்கள். பெயின்டர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூன்றையும் பார்த்தார், முகர்ந்தார், உறிஞ்சினார். நடுவில் இருந்ததையும் கடைசியில் இருந்ததையும் ஒன்றாகத் தள்ளி வைத்தார்.

"இது ரெண்டும் நம்ம வீட்டு சனிக்கிழமை" என்றார்.

கேட்டம்மா தலையாட்டினாள். டாக்டர் இன்னொரு வாய் குடித்துவிட்டுக் குவளையை டக்கென்று வைத்தார். "பச்சை மூடிக்கு நான் கொடுத்த விலையை வெளியில சொன்னா என் பேஷன்ட்டே என்கிட்ட வரமாட்டான்" என்றார். ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். அலமாரிக்காரர் கையை உயர்த்தி, "ருசிங்கறது ஆளுக்கு ஆள்..." என்று ஆரம்பித்தார்.

"சார் ஒரு வாய் குடிச்சுப் பார்த்துட்டுச் சொல்லட்டும்" என்றாள் லைட்டக்கா.

"எனக்கு ஆகாது."

"தெரியும் சார். குடிக்கிற ஆளா இருந்திருந்தா இந்தப் பாட்டிலைத் தொறந்திருக்கவே மாட்டீங்க."

சொல்லிக்கொண்டே பாட்டிலை எடுத்துக் கேட்டம்மாவிடம் நீட்டினாள். "அந்த டேப்பைப் பிரிங்க. உங்களுக்குத்தான் இந்த வேலை தெரியும்."

அலமாரிக்காரர் பாய்ந்தார். நடுவில் பெயின்டர் நின்றார். பெயின்டர் ஒன்றும் செய்யவில்லை, சும்மா நின்றார். ஆனால் ஏணி தூக்கிய தோள் அது. கேட்டம்மா நகத்தால் டேப்பின் முனையைக் கிளப்பினாள். ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்று வந்தது. எண்ணை உரக்கப் படித்தாள்.

"பன்னிரண்டு."

மேனேஜர் வாங்கிப் பார்த்தார். கறுப்பு மை, லைட்டக்காவின் கை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது உடைஞ்சதுன்னு நானே எழுதினேனே" என்றார். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னார். பிறகு அலமாரிக்காரரைப் பார்த்தார். "எந்த நண்பர்யா உனக்குக் கொடுத்தாரு?"

அலமாரிக்காரர் தோல் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். வாசலில் கேட்டம்மா நின்றாள். பத்து வருஷம் ஆலை வாசலில் நின்ற அதே நிலை, கால் அகட்டி, கை நீட்டி.

"பையைத் தொறங்க சார்."

"என்ன மரியாதை இல்லாம..."

"தொறங்க. வரிசை நிக்குது."

வரிசை நிஜமாகவே நின்றது. ஒன்பது பேரும் அவர் பின்னால் வந்து நின்றிருந்தார்கள். கேட்டம்மா பையை வாங்கிக் கல்லாமேல் கவிழ்த்தாள். டேப் சுருள், கத்தரி, விலாசப் புத்தகம், வயிற்றுக்கு ஒரு மருந்து, பாதி தீர்ந்த தலைச்சாயப் பொட்டலம், அதைப் பூசுகிற பழைய பல்துலக்கி. மருந்துக்கடைக்காரர் களுக்கென்று சிரித்தார்.

இந்த இடத்தில், லைட்டக்காவுக்கு அந்த மனிதரைப் பார்த்துப் பாவமாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும். இல்லை. அவளுக்கு இனித்தது. அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கியதை, பல்துலக்கி கைநழுவிக் கீழே விழுந்ததை, அதை எடுக்க மண்டியிட்டதை, ஒன்றுவிடாமல் பார்த்தாள். வெளிச்சப் பலகை முன்னால் உட்கார்ந்து பார்த்த கண், எதையும் தவறவிடவில்லை. அவர் வெளியே போனதும் ஒன்பது பேரும் பின்னாலேயே போனார்கள். அவர்களுக்கு அவரிடம் பேச நிறைய இருந்தது.

மேனேஜர் பன்னிரண்டிலிருந்து ஒரு குவளை ஊற்றி, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"மன்னிச்சுடுங்கம்மா. நீங்க அன்னைக்கே சொன்னீங்க."

அவள் குவளையை வாங்கினாள். பத்தொன்பது வருஷ வேலையைத் தின்ற சரக்கை அவள் இதுவரை ஒரு சொட்டு ருசி பார்த்ததில்லை. ஒரு வாய் குடித்தாள். நாக்கில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாருக்கு" என்றாள். "ஆனா அந்த விலைக்கு இல்ல."

பெயின்டர் சிரிக்கவில்லை. மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் குவளையை வைத்துவிட்டு உள்ளே போய்த் தன் பையை எடுத்து வந்தாள். முதலாளி கல்லாவில் வாயைத் திறந்தபடி நின்றிருந்தார்.

"அக்கா, இனிமே பையெல்லாம்... நான் ஏதோ அந்த ஆளு பேச்சைக் கேட்டு..."

அவள் பையைக் கல்லாமேல் தலைகீழாகக் கவிழ்த்தாள். சாப்பாட்டு டப்பா உருண்டது. குடை, மாத்திரை, சீப்பு, கைக்குட்டை, பஸ் டிக்கெட்டுகள், எல்லாம் கொட்டின.

"பார்த்துக்கோங்க தம்பி. நல்லாப் பார்த்துக்கோங்க."

"அக்கா..."

"பார்த்தாச்சா? இப்போ நீங்களே எடுத்து உள்ள வைங்க."

முதலாளி டப்பாவை எடுத்து வைத்தார். குடையை மடித்து வைத்தார். சீப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு நொடி கையில் வைத்துக்கொண்டு நின்றார். காதெல்லாம் சிவந்திருந்தது. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லைட்டக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, பெயின்டர் ஊற்றித் தந்த பச்சை மூடியை ஒரு வாய் குடித்தாள்.

"ஜிப்பை மெதுவா இழுங்க தம்பி" என்றாள். "அது சிக்கும்."